பழைய மேலாளர் கெடுத்துவிடுவாரோ என்று புதிய வேலையை விடலாமா?

கடிதத்தின் சுருக்கம்

வாசகிக்கு வயது 33. தமிழ்நாட்டு நகரம் ஒன்றில், சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறார். வாரம் ஆறு நாள் வேலை. சேர்ந்து 4 ஆண்டு 5½ மாதம் ஆகிறது. மொத்தச் சம்பளம் ரூ.52,000, அதில் பேசிக் ரூ.28,000. நியமனக் கடிதத்தில் 90 நாள் நோட்டீஸ் என்று இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக மேலாளருடன் ஒத்துப்போகவில்லை, இன்க்ரிமென்ட் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. "இங்கிருந்து போனால் இந்தத் துறையில் எங்கேயும் சேர விடமாட்டேன்" என்று அவர் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறார்.

இப்போது ஓர் உற்பத்தி நிறுவனம் ரூ.66,000 சம்பளத்தில் ஆஃபர் லெட்டர் அனுப்பியிருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், 45 நாளில் சேர வேண்டும். கூடவே வந்த பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் படிவம் எல்லா முந்தைய வேலைகளையும், தற்போதைய மேலாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்கிறது.

இன்னொரு கவலையும் உண்டு. 2018-ல் ஒரு தொழிற்சாலையில் ஏழு மாதம் வேலை பார்த்தவர், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் மின்னஞ்சலில் ராஜினாமா அனுப்பிவிட்டு, 30 நாள் நோட்டீஸ் முடிக்காமல் நின்றுவிட்டார். ரிலீவிங் லெட்டர் (பணியிலிருந்து முறையாக விடுவித்த கடிதம்) இல்லை. அந்த வேலையை ரெஸ்யூமில் காட்டவும் இல்லை. 2019 முதல் 2021 வரை இருந்த இரண்டாவது நிறுவனத்தில் எந்தச் சிக்கலும் இல்லை.

தெரிந்தவர் ஒருவர், மேலாளர் எண்ணுக்குப் பதில் தன் எண்ணைக் கொடுக்கச் சொல்கிறார். அழைப்பு வந்தால் மேலாளராகத் தானே பேசுவாராம். ஒரு கன்சல்டன்சி, 2018 வேலைக்கு ரூ.8,000-ல் "எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்" தருவதாகச் சொல்கிறது. "பி.எஃப். பணத்தை எடுத்துவிட்டேன், அதனால் அந்த வேலை யாருக்கும் தெரியாது. சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ் போதும். கையெழுத்துப் போட்டுவிட்டால் சேர்ந்தே ஆக வேண்டும். இப்படியெல்லாம் சொல்கிறார்கள். இந்த வேலையை ஏற்கலாமா, பேசாமல் விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

ஏற்றுக்கொள்ளலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன் புதிய நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். அதற்கு எழுத்தில் பதில் வரும் வரை நீங்கள் எதிலும் கையெழுத்திடக் கூடாது. பேப்பர் போடுவது, அதாவது ராஜினாமா செய்வது, அதற்கும் பிறகு. இந்த வரிசை மாறினால்தான் ஆபத்து.

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி மேலாளரைப் பற்றியது. 2018 வேலையைக் கடைசிப் பத்தியில் நான்கு வரியில் முடித்துவிட்டீர்கள். நான் இதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். மேலாளர் சொல்லப்போவது அவருடைய அபிப்பிராயம்; அதைச் சமாளிக்க வழிகள் இருக்கின்றன. நீங்கள் விட்டுவிட்ட அந்த ஏழு மாதம் அரசுப் பதிவில் இருக்கிறது. உங்கள் ஆஃபரை நிஜமாகவே பறிக்கக்கூடியது அதுதான்.

வெரிஃபிகேஷனில் உண்மையில் என்ன பார்க்கிறார்கள்

மேலாளரை அழைத்து "இவர் எப்படி?" என்று கேட்பதுதான் வெரிஃபிகேஷன் என்று நினைத்திருக்கிறீர்கள். அவை இரண்டு தனித்தனி வேலைகள்.

முதலாவது, பணி விவரச் சரிபார்ப்பு. புதிய நிறுவனம் அமர்த்தும் ஏஜென்சி, உங்கள் பழைய நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவுக்கு எழுதும். ஊழியர் எண், பதவி, சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள், கடைசிச் சம்பளம், விலகிய காரணம், நிலுவை ஏதும் உண்டா, மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்பவை வழக்கமான கேள்விகள். பதில் தருவது ஹெச்.ஆர்., கோப்பைப் பார்த்துத் தருகிறார்கள். உங்கள் மேலாளருக்கு இதில் பெரும்பாலும் பங்கே கிடையாது.

இரண்டாவது, ரெஃபரன்ஸ் செக். நீங்கள் பெயர் கொடுத்த ஒருவரிடமோ இருவரிடமோ உங்கள் வேலைத்திறன், நேர்மை, பழகும் விதம் பற்றிக் கேட்பது. இங்கேதான் மேலாளரின் வாய்க்கு இடம் வருகிறது. யார் பெயரைத் தருவது என்பதில் உங்களுக்கும் ஓரளவு கை இருக்கிறது.

இவற்றோடு கல்விச் சான்று, முகவரி, அடையாளம், நீதிமன்றப் பதிவு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். இப்போது பல நிறுவனங்கள் யு.ஏ.என். (ஒருவரின் எல்லா பி.எஃப். கணக்குகளையும் இணைக்கும் எண்) வழியே பி.எஃப். பணி வரலாற்றையும் கேட்கின்றன. கடைசியில் ஏஜென்சி தரும் அறிக்கையில் ஒவ்வொரு அம்சமும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற முறையில் வரும். "சரிபார்க்க முடியவில்லை" என்பது பொதுவாக மஞ்சள்: பழைய நிறுவனம் பதில் தரவில்லை, மூடிவிட்டார்கள் என்பது போன்றவை. "சொன்னதும் பதிவும் ஒத்துப்போகவில்லை" என்பது சிவப்பு. மஞ்சளுக்கு ஹெச்.ஆர். விளக்கம் கேட்கும், ஆவணம் காட்டினால் முடிந்தது. சிவப்பில் பேச்சு நேர்மையைப் பற்றியதாக மாறிவிடும், அங்கே திறமை உதவாது. அதிலும் நீங்கள் பணம் புழங்கும் கணக்குப் பிரிவில் சேரப் போகிறவர்.

2018: மறைக்க முடியாததை நீங்களே சொல்லிவிடுங்கள்

பி.எஃப். பணத்தை எடுத்ததால் பதிவு அழியாது. அந்த நிறுவனத்தின் உறுப்பினர் எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் உங்கள் யு.ஏ.என்.-இன் கீழ் இருக்கும். இன்றே இ.பி.எஃப்.ஓ. (பி.எஃப்.-ஐ நிர்வகிக்கும் அரசு அமைப்பு) உறுப்பினர் தளத்தில் நுழைந்து பணி வரலாறு பக்கத்தைத் திறந்து பாருங்கள். பார்க்க வேண்டியவை மூன்று: 2018 நிறுவனம் அங்கே தெரிகிறதா, விலகிய தேதி நீங்கள் நின்ற நாளோடு ஒத்துப்போகிறதா, அது இரண்டாவது நிறுவனத்தில் சேர்ந்த தேதியைத் தாண்டிப் போகிறதா. மூன்றாவது மிக முக்கியம். தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாக அறிக்கை வந்துவிடும். நீங்கள் முழுப் பணத்தையும் எடுத்திருக்கிறீர்கள் என்றால் விலகிய தேதி பதிவாகியே இருக்கும், ஏனென்றால் அது இல்லாமல் இறுதித் தொகை கிடைக்காது. (பணத்தை எடுக்காமல் விட்ட மற்ற வாசகர்களுக்கு: நிறுவனம் விலகிய தேதியைப் போடவில்லை என்றால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து, ஆதாரோடு இணைந்த கைபேசியில் வரும் ஓ.டி.பி. கொண்டு நீங்களே பதியலாம். தேதியை உறுதி செய்துகொண்டு போடுங்கள்.)

இந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, 2018-ன் நியமனக் கடிதம், கையில் இருக்கும் பே ஸ்லிப்புகள், சம்பளம் வரவான மாதங்களின் வங்கி ஸ்டேட்மென்ட், ராஜினாமா மின்னஞ்சல், முடிந்தால் அப்பாவின் மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை ஒரே கோப்பாகத் திரட்டுங்கள். ரிலீவிங் லெட்டர் இல்லாத இடத்தில் ஏஜென்சிகள் மாற்று ஆதாரமாக ஏற்பவை இவைதான்.

பிறகு புதிய நிறுவனத்தின் ஹெச்.ஆர்.-க்கு எழுதுங்கள். நீட்டி முழக்க வேண்டாம். இந்த அளவு போதும்:

"படிவத்தை நிரப்பும் முன் ஒரு விவரத்தைத் தெரிவிக்க விரும்புகிறேன். 2018-ல் ஏழு மாதம் இன்ன நிறுவனத்தில் கணக்கு உதவியாளராக இருந்தேன். தந்தையின் உடல்நிலை காரணமாக நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் மின்னஞ்சல் மூலம் விலகினேன். ரிலீவிங் லெட்டர் பெறவில்லை. ரெஸ்யூமில் இதைச் சேர்க்காதது என் தவறு. நியமனக் கடிதம், சம்பள வரவு, பி.எஃப். பதிவு ஆகியவற்றை இணைத்துள்ளேன். இதைக் கருத்தில் கொண்டு ஆஃபரை உறுதிப்படுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இதைப் படித்துவிட்டு அவர்கள் ஆஃபரைத் திரும்பப் பெற்றால்? பெறலாம், அந்த வாய்ப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அப்போது உங்கள் கையில் இப்போதைய வேலை இருக்கும். இதே விஷயம் நீங்கள் பேப்பர் போட்டு, புதிய இடத்தில் சேர்ந்து, மூன்றாம் மாதம் அறிக்கையில் வந்தால் இரண்டு வேலையும் இருக்காது. ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். "தந்த தகவல் தவறு என்று எப்போது தெரிந்தாலும் நோட்டீஸ் இன்றி நீக்கலாம்" என்ற பொருளில் ஒரு வரி அநேகமாக இருக்கும். அதற்குக் காலக்கெடு கிடையாது. எட்டு ஆண்டுக்கு முன், 25 வயதில், அப்பாவுக்காக ஏழு மாத வேலையை விட்டதை நியாயமான எந்த ஹெச்.ஆர்.-உம் புரிந்துகொள்வார். அதை மறைத்ததைப் புரிந்துகொள்வது அவருக்கும் கடினம்.

அதே நாளில் 2018 நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். ஊழியர் எண், சேர்ந்த தேதி, நின்ற தேதி குறிப்பிட்டு, நோட்டீஸ் காலத்துக்கு நிலுவை ஏதும் இருந்தால் கணக்கிட்டுத் தெரிவிக்கும்படியும், கட்டியதும் பணிச் சான்று தரும்படியும் கேளுங்கள். தொகை சொன்னால், அது பேசிக் அடிப்படையிலா மொத்தச் சம்பளத்திலா என்று உங்கள் நியமனக் கடிதத்தோடு ஒப்பிடுங்கள். நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் கட்டுங்கள். ரொக்கமாகவோ யாருடைய தனிக் கணக்கிலோ கட்டினால், நாளைக்கு அங்கே கேட்டால் "நிலுவை இருக்கிறது" என்றே பதில் வரும்.

அந்த இரண்டு "உதவிகளும்" வேண்டாம்

ரூ.8,000 கடிதம் போலி ஆவணம். அதை உண்மையானது போலக் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (இப்போதைய குற்றவியல் சட்டம்) 336, 340 பிரிவுகளில் வரும் குற்றம். மேலாளர் என்று சொல்லி இன்னொருவர் பேசுவது 319-ன்படி ஆள்மாறாட்ட மோசடி. நடைமுறையிலும் இது நிற்காது. ஏஜென்சி கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு விடுவதில்லை, கொடுத்தவர்களிடமே கேட்கிறது. ரெஃபரன்ஸ் தருபவரின் அலுவலக மின்னஞ்சல் முகவரி கேட்கும், லிங்க்ட்இன் பக்கத்தைப் பார்க்கும், நிறுவனத்தின் பொதுத் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து அவரோடு இணைக்கச் சொல்லும். இன்று உங்களிடம் இருப்பது ஒரு விடுபட்ட விவரம்; இந்த இரண்டில் எதைச் செய்தாலும் அது குற்றமாகிவிடும். உதவ வந்தவரையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள்.

மேலாளரைப் பற்றி

முதலில் படிவம். தற்போதைய நிறுவனத்தை "இப்போது தொடர்பு கொள்ள வேண்டாம்" என்று குறிக்கும் கட்டம் பெரும்பாலான படிவங்களில் இருக்கும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் அப்படியே எழுதுங்கள். இது சந்தேகத்தைக் கிளப்பாது. வேலையில் இருக்கும் எல்லோரும் கேட்பதுதான். தற்போதைய நிறுவனத்தின் சரிபார்ப்பு, நீங்கள் சேர்ந்து ரிலீவிங் லெட்டர் கொடுத்த பிறகு நடப்பதே வழக்கம். இந்த நிறுவனத்தில் எப்போது நடக்கும் என்பதை மின்னஞ்சலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேலாளர் பெயர் கேட்கும் இடத்தில் அவர் பெயரையே எழுதுங்கள், உண்மையான எண்ணோடு. ரெஃபரன்ஸ் பகுதி வேறு. அங்கே அவரைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. உங்களுக்கு இருக்கும் நல்ல ஆட்கள்: இரண்டாவது நிறுவனத்தின் மேலாளர், இப்போதைய நிறுவனத்தில் உங்களுக்கு மேலிருந்து, வேலை மாறிப் போய்விட்ட யாராவது, உங்கள் கணக்குகளை ஆண்டுதோறும் பார்த்த வெளித் தணிக்கையாளர். தணிக்கையாளரைக் கேட்கும் முன் யோசியுங்கள், அவர் உங்கள் நிர்வாகத்தோடு இன்னும் தொடர்பில் இருப்பவர்; செய்தி முன்கூட்டியே கசியலாம்.

பெயர் கொடுக்கும் முன் ஒவ்வொருவரையும் நேரில் அழைத்துப் பேசுங்கள். "என்னைப் பற்றிக் கேட்டால் தயக்கமில்லாமல் சொல்ல முடியுமா சார்?" என்று நேராகவே கேளுங்கள். குரலில் இழுவை தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். ஒப்புக்கொண்டவருக்கு நீங்கள் அவரிடம் வேலை பார்த்த தேதிகள், பதவி, செய்த முக்கிய வேலைகள் இரண்டு ஆகியவற்றை அனுப்பிவையுங்கள். நல்ல மனதோடு பேசும் ரெஃபரன்ஸ் பலர் சறுக்குவது தேதியில்தான். 2021 மார்ச் என்று நீங்கள் எழுதியிருக்க, அவர் "2020-லேயே போய்விட்டாரே" என்று சொல்லிவிடுவார்.

ஹெச்.ஆர். தற்போதைய மேலாளரைத்தான் கேட்போம் என்று வற்புறுத்தினால், அவரைப் பற்றிக் குறை சொல்லாமல் ஒரு வரி போதும்: "வேலைமுறையில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, சேர்ந்த பிறகு அவரையும் கேளுங்கள், அதோடு எனக்கு மேலாளராக இருந்த இன்னொருவரையும் கேளுங்கள்." முன்கூட்டியே இப்படிச் சொல்லிவைத்தால், அவர் கசப்பாகப் பேசினாலும் கேட்பவருக்கு அது புதிய செய்தியாக இருக்காது. மற்ற இருவரின் நல்ல வார்த்தைக்கு எதிரே அது ஒற்றைக் குரலாக நிற்கும்.

"சேர விடமாட்டேன்" என்ற மிரட்டலுக்குச் சட்டத்தில் பலம் கிடையாது. வேலையை விட்ட பிறகு ஒருவர் அதே தொழிலில் ஈடுபடக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்த வரி, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 27-வது பிரிவின்படி செல்லாது. உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. அவர் வேண்டுமென்றே பொய் சொல்லி வேலையைக் கெடுத்தால் அவதூறு வழக்குக்கு இடமுண்டு, நியாய சன்ஹிதா 356. ஆனால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு, பிறர் நலன் காக்கச் சொன்ன கருத்துக்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. தொலைபேசியில் என்ன பேசினார் என்று நிரூபிப்பதும் எளிதல்ல. வழக்கை விட உங்களுக்கு அதிகம் உதவப் போவது உங்கள் கோப்பு. அப்ரைசல் கடிதங்கள், பாராட்டு மின்னஞ்சல்கள், பே ஸ்லிப்புகள், படிவம் 16 ஆகியவற்றின் பிரதியை இப்போதே எடுத்துவையுங்கள். கவனம்: உங்களைப் பற்றிய தாள்கள் மட்டும். வாடிக்கையாளர் பட்டியல், கணக்கு விவரம், விலைப் பட்டியல் எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய தவறு. மேலாளர் தேடிக்கொண்டிருக்கும் காரணத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும்.

நோட்டீஸ்: இங்கே ஒரு பெரிய தொகை ஒளிந்திருக்கிறது

"சட்டப்படி ஒரு மாதம் போதும்" என்பது தவறான புரிதல். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ன் 41-வது பிரிவு சொல்லும் ஒரு மாதம், ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுவனம் நீக்கும்போது தர வேண்டிய நோட்டீஸ். நீங்கள் விலகும்போது பேசுவது உங்கள் நியமனக் கடிதம்தான். 90 நாள் என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அதற்காக உங்களை யாரும் வலுக்கட்டாயமாக வேலை செய்ய வைக்க முடியாது. குறைந்த நாட்களுக்கு நியாயமான பணம் கேட்கலாம், அவ்வளவுதான். ஆனால் நோட்டீஸ் முடிக்காமல் போனால் ரிலீவிங் லெட்டரை இழுத்தடிப்பார்கள், கோப்பில் "அப்ஸ்காண்டிங்" (சொல்லாமல் நின்றவர்) என்று எழுதுவார்கள். 2018 திரும்ப நடக்கும்.

இதைவிட முக்கியமான காரணம் பணிக்கொடை, அதாவது விலகும்போது நிறுவனம் தரும் கிராஜுவிட்டி. ஐந்து ஆண்டு முடிந்தால்தான் கிராஜுவிட்டி என்று நினைத்து நீங்கள் அதைக் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அந்த ஆண்டு முழுமையானதாகக் கொள்ளப்படும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-ல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் 240 நாள் விதி தொடர்கிறது. (வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 190 நாள்.) உங்களுக்கு ஐந்தாவது ஆண்டில் இப்போது ஏறத்தாழ 165 நாள் ஆகியிருக்கிறது. 90 நாள் நோட்டீஸை முழுதாக முடித்தால் 255. 45 நாளில் கிளம்பினால் 210, தகுதி போய்விடும்.

தொகையைப் பாருங்கள். கடைசி பேசிக் ரூ.28,000 × 15 ÷ 26 × 5 ஆண்டு = ரூ.80,769 (ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கு). நோட்டீஸில் 45 நாளைக் குறைக்க மொத்தச் சம்பளக் கணக்கில் கட்ட வேண்டியது ரூ.78,000. அந்த 45 நாளில் புதிய இடத்தில் நீங்கள் சம்பாதிப்பது ரூ.99,000, பழைய இடத்திலேயே இருந்தால் ரூ.78,000. எல்லாம் சேர்த்தால், அவசரமாகப் போவதில் உங்களுக்கு ரூ.1,37,000-க்கு மேல் நஷ்டம். புதிய நிறுவனமே அந்த ரூ.78,000-ஐ (பை-அவுட் தொகை) கட்டினாலும் ஏறத்தாழ ரூ.60,000 கையை விட்டுப் போகும்.

இரண்டு எச்சரிக்கை. சம்பளத்தோடு கூடிய விடுப்பு 240-ல் சேரும். சம்பளமில்லா விடுப்பு சேராது. ஐந்தாவது ஆண்டில் எத்தனை நாள் லாஸ் ஆஃப் பே போட்டீர்கள் என்று பே ஸ்லிப்பில் எண்ணிப் பாருங்கள், 15 நாளைத் தாண்டினால் என் கணக்கு மாறும். அடுத்தது, சில நிறுவனங்கள் ஐந்து ஆண்டு நிறைய வேண்டும் என்று மறுக்கும். அப்போது தொழிலாளர் துறையின் பணிக்கொடை அதிகாரியிடம் மனு செய்ய வேண்டிவரும். அதற்கும் நோட்டீஸை ஒழுங்காக முடித்த பதிவுதான் பலம்.

ஆகவே மின்னஞ்சலில் இன்னொரு வேண்டுகோளையும் சேருங்கள்: சேரும் தேதி, உங்கள் முந்தைய வேலைகளின் வெரிஃபிகேஷன் முடிந்ததாக அவர்கள் தெரிவிக்கும் நாளிலிருந்து 90 நாள் கழித்து இருக்கட்டும். 90 நாள் நோட்டீஸ் உள்ளவரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது அந்நியமான கோரிக்கை இல்லை.

கையெழுத்து, ராஜினாமா, விடைபெறுதல்

ஆஃபரில் கையெழுத்திட்டால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஜாயினிங் போனஸ் போன்ற பணம் வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டிவரும். நான் கவலைப்படுவது வேறு வரிக்காக: "நான் தந்த விவரங்கள் முழுமையானவை, உண்மையானவை" என்ற உறுதிமொழி. 2018-ஐச் சொன்ன பிறகு கையெழுத்திட்டால் அந்த வரி உங்களைக் காக்கும். சொல்லாமல் போட்டால் அதே வரி உங்களுக்கு எதிராக வரும். வெள்ளிக்குள் பதில் வராவிட்டால், மூன்று வேலை நாள் அவகாசம் கேட்டு எழுதுங்கள்.

ஆஃபர் "வெரிஃபிகேஷனுக்கு உட்பட்டது" என்று இருக்கும் வரை அது நிபந்தனையுடன் கூடியது. அதை நம்பி நீங்கள் வேலையை விட்டு, அவர்கள் பின்வாங்கினால் நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போடலாம்தான், ஆனால் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு அது உடனடி உதவியாகாது. போட்ட ராஜினாமாவைத் திரும்ப வாங்குவதும் தனியார் நிறுவனத்தில் நிர்வாகம் மனது வைத்தால்தான். அதனால் "முந்தைய வேலைகள் சரிபார்க்கப்பட்டன" என்று ஒரு வரி மின்னஞ்சலில் வந்த பிறகே பேப்பர் போடுங்கள். தொலைபேசியில் "எல்லாம் ஓகே மேடம்" என்று சொன்னால், அன்றே "நீங்கள் சொன்னபடி…" என்று நீங்களே எழுதி உறுதிப்படுத்தச் சொல்லுங்கள்.

ராஜினாமாவை மேலாளருக்கும் ஹெச்.ஆர்.-க்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள், கடைசி வேலை நாளைத் தேதியோடு குறிப்பிட்டு. காரணம் "தொழில் வளர்ச்சி", அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். எங்கே சேரப் போகிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. ஒப்படைக்கும் வேலைகளின் பட்டியலை வாரம் ஒருமுறை எழுத்தில் அனுப்புங்கள்: நிலுவை இன்வாய்ஸ்கள், வங்கி ஒத்திசைவு எந்தத் தேதி வரை, ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். தாக்கல் எந்த மாதம் வரை. கணக்குப் பிரிவிலிருந்து போகிறவர் மீது பிற்பாடு சுமத்தப்படுவது பெரும்பாலும் "பாதியில் விட்டுவிட்டுப் போனார்" என்பதே. மேலாளர் தன் கசப்பைக் காட்ட அதுதான் சுலபமான வழி, அதை இப்போதே அடைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் ரிலீவிங் லெட்டர், பணிச் சான்று, நிலுவையின்மைச் சான்று மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-ன்படி ராஜினாமா செய்தவருக்கும் நிலுவை ஊதியத்தை இரண்டு வேலை நாளில் தர வேண்டும். "ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாள் ஆகும்" என்று சொன்னால் இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

எப்போது வேண்டாம் என்று சொல்வது

நீங்கள் சேரும் முன்பே தற்போதைய மேலாளரை அழைத்தே தீருவோம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், அல்லது 2018 பற்றிய உங்கள் மின்னஞ்சலுக்கு எழுத்தில் பதில் தராமல் "முதலில் கையெழுத்துப் போடுங்கள்" என்று அவசரப்படுத்தினால், இந்த ஆஃபரை விட்டுவிடுங்கள். மாதம் ரூ.14,000 கூடுதலுக்காக, கையில் எதுவுமே இல்லாத நிலைக்குப் போக வேண்டாம். 90 நாளுக்கு ஒப்புக்கொள்ளாமல் 60 நாளில் வரச் சொன்னால் அது விடுவதற்கான காரணம் இல்லை. பணிக்கொடை இழப்பைச் சொல்லி, அதை ஈடுகட்டும் ஜாயினிங் போனஸ் கேட்டுப் பாருங்கள்.

ஏற்றாலும் விட்டாலும் 2018 நிறுவனத்துக்கான கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். ரெஸ்யூமிலும் அந்த ஏழு மாதத்தை இன்றே சேர்த்துவிடுங்கள். அடுத்து நீங்கள் விண்ணப்பிக்கும் எந்த நிறுவனமும் இதே யு.ஏ.என். பக்கத்தைத்தான் திறக்கும்.